கால் குப்பிக்குப் பத்தாண்டா?
அப்காரிச் சட்டத்தைத் திருத்தக் கோருவோம்

(ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை மாற்றாமல் அப்படியே தந்திருக்கிறோம். - ஆசிரியர் குழு)



எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் 'கள்ள மதுவும் சட்டத் திருத்தமும்'. துண்டறிக்கையில் இதைப் பார்த்ததும், தமிழர் சங்க மேடையில் சாராயத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைத்திருப்பீர்கள். மகளிர் பிரிவிலிருந்து ஒரு தாயார் இங்கு வருவதற்கு முன்பே என்னைப் பிடித்து, "குடிகாரனுக்கு வக்காலத்து வாங்கவா போறீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். இல்லை, தாயே. குடி எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பதை உங்களைவிட நான் அதிகம் அறிந்தவன் அல்லன். ஆனால் வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக நெடுங்காலம் இருந்தவன் நான். அங்கே கைவிலங்கோடு வந்து நின்ற நம் ஆட்களைப் பார்த்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கேரளத்தில் மது சம்பந்தமான எல்லாவற்றையும் ஆள்வது அப்காரிச் சட்டம். அப்காரி என்பது பாரசீகச் சொல். ஆப் என்றால் தண்ணீர், காரி என்றால் தொழில். தண்ணீர்த் தொழில்! பெயர் வைத்தவன் ரசிகன்தான். இந்தச் சட்டத்தின் எண் 1077-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம். 1077 என்பது கொல்லம் ஆண்டுக் கணக்கு. ஆங்கிலக் கணக்கில் 1902. கொச்சி மகாராஜா காலத்தில் போட்ட சட்டம் அது. 1967-இல் மதுவிலக்கை எடுத்த கையோடு, அந்தப் பழைய கொச்சிச் சட்டத்தையே கேரளம் முழுவதற்கும் விரித்தார்கள். ஆக, நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சட்டத்துக்குத் திருத்தத்தின்மேல் திருத்தமாக ஒட்டுப் போட்டுத்தான் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் 58-ஆவது பிரிவை நம் ஆட்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டது, அல்லது காய்ச்சப்பட்டது, அல்லது இந்தச் சட்டப்படி கட்ட வேண்டிய வரி கட்டப்படாதது என்று தெரிந்தே மதுவைக் கைவசம் வைத்திருந்தால், பத்து ஆண்டுவரை சிறை. அத்துடன் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 'எந்த அளவாயினும்' என்பது அந்தப் பிரிவில் உள்ள சொல். ஒரு லாரி நிறைய இருந்தாலும் பத்து ஆண்டு, ஒரு கால் குப்பி இருந்தாலும் பத்து ஆண்டு. இதே தண்டனைதான் 55-ஆவது பிரிவில் மதுவை வெளியிலிருந்து கொண்டுவருவதற்கும் கடத்துவதற்கும். சாராயத்தைப் பற்றிய 8-ஆவது பிரிவிலும் அதே பத்தாண்டு, அதே ஒரு லட்சம்.

பத்து ஆண்டு என்பது அதிகபட்சம்தானே, நீதிபதி குறைத்துக் கொடுக்கலாமே என்பீர்கள். சிறைவாசத்தைக் குறைக்கலாம். அபராதத்தைக் குறைக்க முடியாது. ஒரு லட்சம் என்பது குறைந்தபட்சம். எதிரே நிற்பவன் சித்தாள் வேலை செய்பவன், அவன் பையில் இருந்தது நூற்றெண்பது மில்லி என்று நீதிபதியின் மனம் இளகினாலும், பேனா இளகாது. அதைக் கட்ட முடியாதவன் அதற்காக மேலும் சில மாதம் உள்ளே இருக்க வேண்டும்.

'தெரிந்தே' என்ற சொல் இருக்கிறதே, தெரியாமல் வைத்திருந்தால் தப்பிக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். அங்கேதான் 64-ஆவது பிரிவு வருகிறது. கைவசம் இருந்த மதுவுக்குத் திருப்தியான கணக்குக் காட்ட முடியாவிட்டால், குற்றம் செய்ததாகவே கோர்ட்டு அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. ஜாமீனுக்கு 41-ஏ. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள அப்காரிக் குற்றமானால், அரசு வக்கீலைக் கேட்காமல் ஜாமீன் இல்லை. அவர் எதிர்த்தால், இவன் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருப்பதாகக் கோர்ட்டு திருப்தியடைய வேண்டும். போதைமருந்துச் சட்டத்தில் பெரிய கடத்தல்காரர்களுக்காக வைத்த பூட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் போதைமருந்துச் சட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, கவனியுங்கள். 2001-இல் அதைத் திருத்தி, சிறிய அளவு, நடு அளவு, வியாபார அளவு என்று மூன்றாகப் பிரித்தார்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ கஞ்சாவோடு பிடிபட்டவன் பத்தாயிரத்துக்குள் தப்பலாம். களியக்காவிளை டாஸ்மாக்கில் காசு கொடுத்து வாங்கிய கால் குப்பியோடு பிடிபட்டவனுக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது. இது எந்த ஊர்த் தராசு?

டாஸ்மாக் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆம், நம்மைத் தொடும் இடம் அதுதான்.

'வரி கட்டாத மது' என்றால் மக்கள் மனத்தில் எழுவது காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சிய சரக்கு. சட்டத்தின் கண்ணில் அது மட்டும் அல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலங்களுக்கு உரிய பட்டியலில், 8-ஆவது இனம் மது. 51-ஆவது இனம் மதுவின் மீதான கலால் வரி. இரண்டும் மாநிலத்துக்குச் சொந்தம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் குடிக்கும் மதுவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். எனவே மார்த்தாண்டத்தில் அரசாங்கக் கடையில், அரசாங்க முத்திரையோடு, சுளையாக வரி கட்டி வாங்கிய குப்பி, இஞ்சிவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் வந்ததும் வரி கட்டாத குப்பியாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக்குக் கட்டிய வரி கேரளத்துக்கு வரி அல்ல. வடக்கே மாஹிக் குப்பிக்கும் இதே கதைதான். கண்ணூர்க்காரர்களுக்கும் வடகரைக்காரர்களுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். கேரளத்தின் பெவ்கோ கடையில் வாங்கிய மதுவை ஒருவர் மூன்று லிட்டர் வரை வைத்திருக்கலாம். கள் என்றால் ஒன்றரை லிட்டர். வரம்பை மீறி நாலு லிட்டர் வைத்திருந்தால் என்ன? வரி கட்டிய சரக்கானால், நீதிமன்றங்கள் பல வழக்குகளில் 63-ஆவது பிரிவையே பொருத்தியிருக்கின்றன. அதில் அதிகபட்சம் இரண்டாண்டு, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். நாலு லிட்டர்க்காரனுக்கு ஐயாயிரம். நூற்றெண்பது மில்லிக்காரனுக்கு ஒரு லட்சம். வேற்றுமை மதுவின் விஷத்தில் இல்லை, குடிப்பவனின் கெடுதலில் இல்லை. எந்தக் கஜானாவுக்குப் பணம் போயிற்று என்பதில் மட்டுமே இருக்கிறது. பொது ஒழுக்கத்தைக் காக்கும் சட்டம் என்று இதைச் சொல்வோர் இந்த ஒரு கணக்குக்குப் பதில் சொல்லட்டும்!

யார் பிடிபடுகிறார்கள்? குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை இதே திருவிதாங்கூரின் தென்பகுதி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் செங்கோட்டையோடு சேர்ந்து அன்று சென்னை மாநிலத்துக்குப் போயின. நாம் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் பிழைப்பு அன்றும் திருவனந்தபுரத்தில், இன்றும் திருவனந்தபுரத்தில். களியக்காவிளையிலிருந்து இங்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், சாலைக் கடைகளின் சுமைதூக்கிகள், மீன் வண்டிக்காரர்கள் என்று திங்கட்கிழமை காலையில் பஸ்ஸேறி வந்து சனிக்கிழமை திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! கேரளத்தில் மதுவின் மீதான விற்பனை வரியின் உச்சப்படி 2022 கடைசியில் 247 சதவீதத்திலிருந்து 251 சதவீதமாக ஏறியது. அங்கே பொதுவாக மலிவு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஊரில் வாங்கிய கால் குப்பி சாப்பாட்டுப் பையில் மிச்சமிருக்கிறது. அமரவிளை சோதனைச் சாவடியில் கை வைத்துப் பார்த்தால் போதும்.

நான் நேரில் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது இங்கே தேவையில்லை. விளவங்கோடு பக்கத்து மேஸ்திரி ஒருவர். வயது நாற்பதுக்கு மேல். பையில் ஒரு குவார்ட்டர், அதிலும் பாதி காலி. மகஜர் மலையாளத்தில் எழுதினார்கள். அவருக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. நம்மில் பெரும்பாலோர் நிலை அதுதானே? கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். அந்தக் காகிதத்தில் குப்பியின் அளவும் இடமும் நேரமும் வேறாக இருந்தன என்பது பின்னால் வக்கீல் படித்தபோதுதான் தெரிந்தது. இருபத்தாறு நாள் ரிமாண்டு. வீட்டுக்கார அம்மா தாலிக் கொடியில் கிடந்த பொன்னை அடகு வைத்து ஜாமீனுக்கு ஓடினார். கீழ்க்கோர்ட்டில் தண்டனை. அப்பீலில் விடுதலை. எதனால் விடுதலை தெரியுமா? அவர் நிரபராதி என்பதனால் அல்ல. மாதிரிக் குப்பியில் போட்ட சீலின் பதிவு, ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பிய ஃபார்வர்டிங் நோட்டில் இல்லை. எந்தக் குப்பி லேபுக்குப் போனது என்று உறுதி சொல்ல முடியவில்லை. கேரள உயர்நீதிமன்றம் இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ அப்காரித் தண்டனைகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அப்பீல் தீரும்போது அவர் மகளின் படிப்பு நின்று போயிருந்தது. விடுதலைத் தீர்ப்பின் நகலை வாங்க அவர் வரவே இல்லை. வண்டிக்கூலியும் ஒரு நாள் கூலியும் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவ்வளவு கடுமை எப்படி வந்தது? இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால் பிணங்கள் கிடக்கின்றன. அதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

1982 ஓணத்தன்று எறணாகுளத்துக்கு எதிரே வைப்பின் தீவில் சாராயம் குடித்த எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்ணிழந்தவர்கள் பலர். அதில் கலந்திருந்தது மெத்தனால், அதாவது மரச்சாராயம். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் பயன்படும் பொருள். பார்வைக்கும் மணத்துக்கும் சாராயத்துக்குத் தம்பி. வயிற்றுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. முதலில் பிடிப்பது கண் நரம்பை. குடித்தவுடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை, "ஒரே பனியாகத் தெரிகிறதே" என்பான். அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால் உண்டு. இதை இவ்வளவு விளக்குவதற்குக் காரணம் இருக்கிறது. கண் மங்குகிறது என்றால், போலீஸ் வரும் என்று பயந்து வீட்டில் படுக்க வைக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் பலரைக் கொன்றது விஷம் பாதி, அந்தத் தாமதம் பாதி.

வைப்பினுக்குப் பிறகு 1984-இல் 57-ஏ பிரிவு வந்தது. மதுவில் நச்சுப் பொருள் கலந்து மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை, தூக்கும்கூட. கலக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவனுடையது. இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இந்தப் பிரிவைப் பற்றி எனக்கு மனவருத்தம் ஒன்றும் இல்லை. தெரிந்தே விஷத்தை விற்பவன் கொலைகாரன்.

1996 ஏப்ரல் 1-இல் ஏ.கே. அந்தோணி முதலமைச்சராக இருந்தபோது சாராயக் கடைகள் அடியோடு மூடப்பட்டன. அடுத்த ஆண்டு, 1997 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் நான் முதலில் சொன்ன பத்தாண்டையும் ஒரு லட்சத்தையும் கொண்டுவந்தது. கடையை மூடினால் காய்ச்சுபவன் கிளம்புவான், அவனை அடக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடங்கினானா? மூன்றே ஆண்டில், 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 31 பேர் செத்தார்கள். பத்தாண்டுச் சட்டம் கையில் இருந்தபோதே நடந்தது அது. மணிச்சன் என்ற பெருவியாபாரியின் நிலவறைகளில் ஸ்பிரிட் சேர்த்து வைத்திருந்தது வெளிவந்தது. அத்தனை ஸ்பிரிட்டும் சாலை வழியாகத்தானே, சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்? மேஸ்திரியின் சாப்பாட்டுப் பையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு டாங்கர் லாரி தெரியவில்லை.

அந்த வழக்கில் மணிச்சனுக்கு ஆயுள் தண்டனை. இருபதாண்டுக்கு மேல் உள்ளே இருந்த பிறகு விடுதலைக்கு உத்தரவாயிற்று. ஆனால் 30 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினால்தான் கதவு திறக்கும் என்ற நிலை. 2022 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அபராதம் கட்டாமலே விடச் சொன்னது. அபராதம் கட்ட வழியில்லாதவனை எத்தனை காலம் அதற்காக அடைத்து வைப்பது என்ற கேள்வி பெரும் சாராய வியாபாரிக்கே உச்சநீதிமன்றம் வரை போய் எழுந்தது. ஒரு லட்சத்துக்கு வழியில்லாத நம் சித்தாளுக்காக அதை அங்கே கொண்டுபோவது யார்?

தாய்த் தமிழகத்தின் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே உள்ள அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு அங்கே பாராமுகமாக இருக்கக்கூடாது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம்தான் இன்றும் அங்கே புத்தகத்தில் இருக்கிறது. மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரோடு, அதன் நிழலிலேயே 2003 முதல் அரசாங்கம் சில்லறைக் கடை நடத்துகிறது! 1971-இல் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், 1981-இல் திறந்தார்கள், 1987-இல் சாராயத்தை நிறுத்தினார்கள், 1990-இல் மலிவு மது என்றார்கள், 1991-இல் அதையும் நிறுத்தினார்கள். கள்ளச்சாராயம் மட்டும் ஒரு நாளும் கடையை மூடவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் சாவுகள். ஓராண்டு கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள். கணவன் மனைவி இருவரும் போய்க் குழந்தைகள் மட்டும் நின்ற வீடும் உண்டு.

அந்த மாதம் முடிவதற்குள் சட்டசபையில் திருத்தம் நிறைவேறியது. மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம். மற்ற குற்றங்களுக்கும் சிறையும் அபராதமும் பலமடங்கு. பிணம் விழுந்த பத்தே நாளில் சட்டம்! ஆனால் மெத்தனாலைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1959-இலிருந்தே தமிழ்நாட்டில் இருக்கின்றன. உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும், இருப்பைச் சரிபார்க்க வேண்டும். அந்த விதிகளை நடத்தியிருந்தால் கருணாபுரத்துக்கு அந்தப் பீப்பாய் வந்திருக்காது. புத்தகத்தில் தண்டனையை ஏற்ற ஒரு நாள் சட்டசபை போதும். மெத்தனால் கிடங்குக் கணக்கைச் சரிபார்க்க ஆள் வேண்டும், கைக்கூலி வாங்காத ஆள் வேண்டும். சுலபமானதைச் செய்தார்கள்.

குஜராத்தும் இப்படித்தான். 2009-இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் சட்டத்தைத் திருத்தி மரண தண்டனை வரை வைத்தார்கள். 2022 ஜூலையில் போட்டாட் பகுதியில் மறுபடியும் நாற்பதுக்கும் மேற்பட்ட சாவு. பீகார்தான் விசித்திரம். 2016-இல் முழு மதுவிலக்கு. வீட்டில் குப்பி கிடைத்தால் வீட்டிலுள்ள வயது வந்தவர் அனைவரும் பொறுப்பு, ஊருக்கே கூட்டு அபராதம் என்றெல்லாம் எழுதினார்கள். சிறைகள் நிரம்பின. பாட்னா உயர்நீதிமன்றம் ஜாமீன் மனுக்களில் மூழ்கியது. முன்யோசனை இல்லாமல் எழுதிய சட்டத்துக்கு உதாரணமாக 2021 டிசம்பரில் இந்தியத் தலைமை நீதிபதி ரமணாவே அதைக் குறிப்பிட்டார். 2018-இல் ஒரு முறை தளர்த்தி, 2022-இல் மறுமுறை தளர்த்தி, முதல் தடவை குடித்தவனைச் சில ஆயிரம் அபராதத்தோடு மாஜிஸ்திரேட்டே விடலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். சட்டத்தைக் கீழ்நோக்கியும் திருத்தலாம். வானம் இடிந்து விழாது.

நமது கேரளத்தில் 2019 டிசம்பரில் நடந்த வேடிக்கையும் நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவது இந்த நாட்டில் பலர் வீட்டு வழக்கம். அது அப்காரிக் குற்றம், ஜாமீன் கிடையாது என்று எக்ஸைஸ் சுற்றறிக்கை கிளம்பியது. பெரும் கூச்சல்! வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்யும் நோக்கம் இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். ஒயின் பரணியைக் கேட்டதும் பத்திரிகைகள் எழுதின, பெரிய மனிதர்கள் பேசினார்கள். மேஸ்திரியின் குவார்ட்டருக்கு யாரும் பேசவில்லை. ஒயின் போடுகிற வீட்டார் மீது எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கேட்டது நியாயம். நாமும் கேட்போம் என்கிறேன்.

என்ன கேட்பது? மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை நான் இங்கே அவிழ்க்கவில்லை. சங்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது என்பதும் உண்மை. நாம் கேட்பது சிறியது. 58-ஆவது பிரிவில் 'எந்த அளவாயினும்' என்பதை எடுத்து, அளவுக்குத் தக்க தண்டனை வைக்க வேண்டும். வேறு மாநிலத்தில் வரி கட்டி முத்திரையோடு வாங்கிய குப்பியை, ஆளுக்கு இவ்வளவு என்ற சொந்த உபயோக வரம்புக்குள் இருந்தால், கள்ளச்சாராயத்தோடு ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. அதைப் பறிமுதல் செய்யட்டும், வித்தியாச வரியை வசூலிக்கட்டும், 63-ஆவது பிரிவைப் போல் சிறு அபராதம் போடட்டும். ஒரு லட்சம் என்ற குறைந்தபட்சத்தை எடுத்து நீதிபதியின் கையை அவிழ்க்க வேண்டும். 41-ஏயின் பூட்டு, காய்ச்சுபவனுக்கும் ஸ்பிரிட் கடத்துபவனுக்கும் விஷம் கலப்பவனுக்கும் மட்டும் இருக்கட்டும். அதில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை.

இப்படித் தளர்த்தினால் எல்லையில் சிறு வியாபாரி கிளம்பி, பத்துப் பேர் கையில் பத்துக் குப்பியாகக் கடத்துவானே என்று நண்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கடத்தத்தான் பார்ப்பான். அடிக்கடி பிடிபட்டால் இரண்டாம் முறைக்குத் தண்டனையை ஏற்றி எழுதலாம். விற்பனைக்கு என்று நிரூபித்தால் 55 இருக்கவே இருக்கிறது. நிரூபிக்கும் வேலை அரசாங்கத்துடையதாக இருக்கட்டும் என்பதுதான் வாதம்.

மொழி விஷயம் தனி. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. பலருக்குத் தெரியாது, தெரிந்த அலுவலர்களும் சொல்வதில்லை. கைதைப் பற்றியோ சட்டம் இப்போது தெளிவாகிவிட்டது. கைது செய்யப்பட்டவனுக்குக் காரணத்தை அவனுக்குப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், அந்தக் காரணங்களை அவனுக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் தர வேண்டும் என்றும் சொன்னது. தோழர்களே, இதை மனப்பாடம் செய்யுங்கள். மலையாள மகஜரை நீட்டினால், "தமிழில் வாசித்துச் சொல்லுங்கள், காரணத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அண்ணன் தம்பியாகப் பழகுகிற மலையாள நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். நமக்குச் சண்டை அவர்களோடு அல்ல. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். குப்பியை உங்கள் முன்னால் சீல் வைத்தார்களா, மாதிரி எடுத்தார்களா, லேபிளில் உங்கள் கையெழுத்து வாங்கினார்களா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் பில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் வஞ்சியூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. புரோக்கரிடம் போய்ப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் எந்த அதிகாரிக்கும் பங்கு போகிறது என்று நான் சொல்லவில்லை. புரோக்கர் அப்படிச் சொல்லித்தான் வாங்குகிறான்.

இவையெல்லாவற்றையும்விட நல்ல வழி, அந்தக் குப்பியை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது. தாயார் முன்வரிசையில் தலையாட்டுகிறார்.

மனு தயாராக இருக்கிறது. சட்டசபையின் மனுக்கள் குழுவுக்கும் எக்ஸைஸ் அமைச்சருக்கும் போகிறது. ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ். வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் முழு விலாசத்தோடு போடுங்கள். 58-இன் கீழ் வழக்கு நடந்த, நடக்கிற குடும்பங்கள் இருந்தால் வழக்கு எண்ணையும், பிடிபட்ட அளவையும், எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பதையும் செயலாளரிடம் தனியாகக் கொடுங்கள். பெயர் வெளியே வராது. வரும் மாதக் கடைசிக்குள் கிடைத்தால் மனுவோடு இணைப்பாகச் சேர்த்துவிடலாம்.